பாட்டில் காசு

அன்று காலை பதினொரு பாட்டில் விற்றேன்.
மற்ற நாளில் மூன்று, மழையென்றால் இரண்டு.
பழைய ரம் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றி
ரோட்டோரப் பலகையில் அடுக்குவேன்.
வெயில் பட்டால் பால் விடாத தேநீர் போலிருக்கும்.
பாட்டிலுக்குத் தனியாக ஐம்பது கியாட்,
திருப்பித் தந்தால் காசு திரும்பும்.
அடையாளத்துக்கு அடியில் அரத்தால் இரண்டு கீறல்.

வாங்கியவர்களில் மூவருக்கு வண்டியே கிடையாது.
சில்லறை எண்ணும்போதே தெரியும் எனக்கு.

என் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது.
துயா போன மாதம் ஒட்டிவிட்டுப் போனான்,
"உங்க நல்லதுக்குத்தான் அக்கா."
அடுத்த கடையின் நிலைக்கு மேல்
எழுநூற்று எண்பத்தாறு.
ஊ தான் ஸா, வீட்டில் அவரை இத்ரீஸ் என்பார்கள்,
மண்டலே சாலையில் முப்பது வருடமாய் சைக்கிள் கடை.
இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்:
தொழுகைக்கு அவர் கால் கழுவுவது எனக்குக் கேட்கும்,
என் ரேடியோவில் ஓடும் உபதேசம்
அவருக்கும் கேட்டிருக்கும்.
எல்லாம். அந்த மாதத்து உபதேசங்களும்.

இருட்டும் நேரத்தில் வந்தார்கள்.
ஹெல்மெட். முகத்தில் துணி.
ஒருவன் என் ஸ்டிக்கரைத் தொட்டு
விரலை நெற்றியில் வைத்துக்கொண்டு
தாண்டிப் போனான்.

டயர் எரிந்தால் லேசில் அணையாது.
இரண்டு நாள்.
என் பக்கம் ஙப்பி ஜாடிகள் கொதித்தன,
பகோடாவுக்கு விற்கும் மெழுகுவர்த்திகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொண்டன.
சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
என் பக்கத்துச் சுவருக்கு.

போலீஸ்காரர் கேட்டார்.
வெளியூர்க்காரர்கள் என்றேன்.
தெருவே அதைத்தான் சொன்னது,
அவரும் அதையே எழுதி வைத்திருந்தார்.

ஐந்தாவது வாரம்
முகாமிலிருந்து வந்தார் இத்ரீஸ்,
யாருடைய சட்டையோ, தோளில் தொளதொளவென்று.
சாம்பலைக் காலால் விலக்கினார்.
ஒரு ரிம். ஒரு சைக்கிள் மணி.
அடித்துப் பார்த்தார், அது வெறும் இரும்பாகியிருந்தது.

பிறகு என் பலகைக்கு முன் வந்து
புகையேறிய பாட்டில் ஒன்றை வைத்தார்.
எப்படியோ உடையாமல் இருந்தது.
கவிழ்த்துக் காட்டினார்: இரண்டு கீறல்.

"உள்ளே கிடந்தது," என்றார். "உங்களுடையது."

கை தானாக டப்பாவுக்குள் போனது.
ஐம்பது கியாட்டை நீட்டினேன்.
வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.
வாங்கி, நான்காய் மடித்து,
அந்த யாருடையதோ சட்டைப் பையில்
வைத்துக்கொண்டு போனார்.

கணக்குப்படி
இன்னும் பத்து வரவேண்டும்.