கொட்டாம்பட்டிக்காரருக்கு

பேர் கேட்க மறந்துவிட்டேன்.
மாடிப்படிக்குக் கீழே
ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்து நின்றீர்கள்.
போன ஆவணியில் நானும் அப்படித்தான் நின்றேன்.
அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
சொல்ல நினைத்ததைப் பார்சல் தாளில் எழுதி
வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு பை வாங்குங்கள், ஜிப் வைத்தது.
கல்யாண வீட்டு மஞ்சப்பை வேண்டாம்,
அரசரடி மழையில் எங்கள் ஸ்கேன் நனைந்தது அதில்தான்.
தேதிவாரியாக அடுக்குங்கள், புதுசு மேலே.
ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை,
மும்மூன்று ஜெராக்ஸ் ஊரிலேயே எடுத்துவிடுங்கள்.
வாசல் கடை மெஷின்
நம் அவசரத்துக்கு ஓடாது.

டாக்டர் முன்னால் வாய் அடைத்துப்போகும்.
ஒரு நாளைக்கு எழுநூறு பரோட்டா அடிக்கிறவன் நான்,
கல்லுக்கு முன்னால் நின்று தெருவையே கூப்பிடுகிறவன்,
"சரிங்க சார்" தவிர ஒன்றும் வரவில்லை.
கேள்விகளை முந்தின ராத்திரியே எழுதிக்கொள்ளுங்கள்.
எத்தனை ஊசி, எத்தனை நாள் இடைவெளி,
நடுச்சாமத்தில் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது.
அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்
உங்கள் வீட்டம்மாவுடையது.
அவர் கேட்கச் சொன்னால் கேளுங்கள்.

தெர்மாமீட்டர்.
அரிசிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.
நூறு புள்ளி நாலைத் தொட்டால்
மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள்.
ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.
வாடிப்பட்டி ரெஜினா வீட்டில்
விடியட்டும் என்றுதான் இருந்தார்கள்.

முடி பதினேழாம் நாள் கொட்டியது.
இருளாயியே நாவிதரைக் கூப்பிட்டுவரச் சொன்னாள்.
அழகர்கோயில் நேர்த்தி என்று தெருவில் சொன்னோம்.
யாரும் கேட்காமல் பெரியவனும் மொட்டை போட்டு வந்ததால்
தெரு நம்பியது.
சந்தனம்கூடப் பூசினோம்.

ஹார்லிக்ஸோடு ஆட்கள் வருவார்கள்.
இருமுகிறவரை வாசலோடு அனுப்புங்கள்,
சம்பந்தியாக இருந்தாலும்.
யாராவது பொடி டப்பா நீட்டினால் டாக்டரிடம் காட்டாமல் கலக்காதீர்கள்.
டம்ளரைத் தனியாக வைக்கிறவர்களிடம் சண்டை போடுங்கள்.
ஒட்டாத நோய் இது.
மற்ற சண்டைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை:
இரண்டாவது ஊசிக்குப் பிறகு
என் வாசம் அவளுக்கு ஆகவில்லை.
சால்னா.
பத்தொன்பது வருஷமாகத் தோலில் ஊறியது.
நான் படியேறும்போதே ஓங்கரித்தாள்.
கடையிலேயே குளித்தேன்,
எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன்,
சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.
நகக்கண்ணில் இருந்திருக்கிறது.
ஐந்து மாசம் மொட்டைமாடியில் படுத்தேன்.
ஒரு ராத்திரி கோபத்தில்
கதவை அறைந்து சாத்தினேன்.
நீங்கள் சாத்தாதீர்கள்.
முகத்தைத் திருப்பியது மருந்து,
அவள் இல்லை.

நேற்று சிம்மக்கல் கடையை மூடி வருகிறேன்,
குளிக்க மறந்த அலுப்பு.
உள்ளேயிருந்து கேட்கிறாள்,
"இன்னைக்கு என்ன, குடல் குழம்பா?"
படியிலேயே நின்றேன்.
இன்னும் இரண்டு ஊசி பாக்கி.
அதற்குமேல் எனக்கும் தெரியாது.

ஒன்று விட்டுவிட்டேன்.
படிக்குக் கீழே ஃபேன் ஓடாது.
இரண்டாவது தூண் பக்கம் துண்டை விரியுங்கள்,
ஜன்னல் காற்று வரும்,
செல்போன் சார்ஜுக்கு ப்ளக்கும் அங்கேதான்.
நீங்களும் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள்.