முப்பத்தைந்தில் ஒரு பங்கு அழுக்கு

இரவு பதினொன்றுக்குமேல் டிராம்கள்
போருபா பணிமனைக்குள் ஒவ்வொன்றாய் வந்து அடையும்.
கழுவுவது என் வேலை.
ஆஸ்த்ராவாவின் கரி, சாலை உப்பு, சிந்திய பீர்,
யாரோ ஒருத்தி கண்ணாடியில் சாய்ந்து உறங்கிய
நெற்றியின் எண்ணெய்.
அழுக்கை எடுக்க எனக்குச் சம்பளம்.

வீட்டில் விளாஸ்திமில்
அழுக்கை விலைக்கு வாங்குகிறான்.
கட்டைவிரல் உயரப் புட்டிகளில்
பழைய துரு, வண்டல், குளிர்காலச் சேறு.
முப்பது மில்லி சேறு நூற்றியிருபது கொருனா.
நம் வாசல் மிதியடியில் இலவசமாய்க் கிடக்கிறதே என்றேன்.
நிறம் பொருந்தாது என்றான்.

நவம்பரில் பெட்டியைப் பிரித்தான்.
டி-55 பீரங்கி வண்டி, முப்பத்தைந்தில் ஒன்று.
பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கிய
எண்ணிட்ட உறுப்புகள்.
வெட்டினான், தேய்த்தான், ஒட்டினான்.
சங்கிலிக் கண்ணிகளைக் கோக்கவே
ஒன்பது இரவு.
விடியலில் நான் வரும்போது
விரல் நுனியில் காய்ந்த பசையோடு
அவன் வேலைக்குக் கிளம்புவான்:
செயற்கைப் பற்களுக்கு மெல்லிய மஞ்சள் ஏற்றி
நம்பும்படி ஆக்குகிற வேலை.

ஒருநாள் இடுக்கியிலிருந்து துள்ளிப் போனது
முன்விளக்கின் காப்புக் கம்பி.
நான்கு மாலை முழங்காலில் தவழ்ந்தான்.
என் கம்பளிக் காலுறையில் ஒட்டிக்கொண்டு அது
பணிமனைக்குப் போய்த் திரும்பியிருந்தது.

என் கூந்தல் ஸ்ப்ரே வேகமாய்த் தீர்ந்தது.
வேறொருத்தி வந்துபோகிறாளோ என்றுகூட
ஒரு நொடி.
பச்சையின் மேல் ஸ்ப்ரே,
அதன் மேல் பனிக்கால வெள்ளை,
பிறகு என் பழைய பிரஷ்ஷை நனைத்துத் தட்டினால்
வெள்ளை உரிந்து பச்சை எட்டிப் பார்க்கும்.
மூன்று போர்க்காலம் கண்ட வண்டி போல
சமையல் மேஜையில் நின்றது,
ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில்.

"எப்படி இருக்கிறது?"

இருபத்திரண்டு வருடம் கழுவியவளிடம் கேட்டான்.
சும்மா இருந்திருக்கலாம்.
"அழுக்கெல்லாம் சரி. இதில் யாரும் ஏறவே இல்லையே"
என்றேன்.

கை போகாத இடத்தில்தான் அழுக்கு குடியிருக்கும்.
கை போகிற இடம் பளபளக்கும்.
எட்டாம் எண் டிராமில் நடுக்கதவுக் கம்பியைப் பார்,
தோள் உயரத்தில் மஞ்சள் பெயின்டே கிடையாது.
நீயோ மூடியின் கைப்பிடியில்
துருவை அப்பி வைத்திருக்கிறாய்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை பிடிக்கிற இரும்பு
எப்படித் துருப்பிடிக்கும்?

அவன் பேசவில்லை.
பென்சிலைச் சீவி
கருந்தூளை என் பக்கம் நகர்த்தினான்.
விரலில் தொட்டு
கைப்பிடியில் தேய்த்தேன், மூடியின் விளிம்பில்,
சக்கரக் காப்பில் பூட்ஸ் மிதிக்கும் இடத்தில்.
இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாய்.
"ஏன் அங்கே மட்டும்?"
"அவனுக்கு இடக்கைப் பழக்கம்" என்றேன்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.
ஐந்து சென்டிமீட்டர் உயரமிருப்பான்.
அவசரக்காரன்.
எரிபொருள் ஊற்றும்போது கொஞ்சம் சிந்துவான்.
அந்தக் கறையையும் வைத்தோம்.

ஓலோமோட்ஸ் கண்காட்சியில் பரிசு இல்லை.
பின்பக்கம் துரு மிகை என்று நடுவர் குறித்திருந்தார்.
திரும்பும் வழியில், டிராமில்,
மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன்
எழுந்துபோய் நடுக்கதவுக் கம்பியைத்
தோள் உயரத்தில் தடவிப் பார்த்தான்.
அங்கே நின்றிருந்த பையன்
சற்றுத் தள்ளி நின்றுகொண்டான்.

இப்போது அது அலமாரியின் மேல்தட்டில்.
சனிக்கிழமைதோறும் நான்தான்
மெல்லிய தூரிகையால் தூசி தட்டுகிறேன்.
ஏற்கெனவே அழுக்கான வண்டிதானே, கிடக்கட்டுமே என்றால்
கையை உதறுகிறான்:
நிஜத் தூசி அளவுக்குப் பொருந்தாதாம்.
ஒவ்வொரு துகளும் அவர்களுக்கு
ஒரு கல்.