துளை

ஏசிக் குழாய்க்காகக் கள்ளந்திரியில்
பெரியபுள்ளான் வீட்டுச் சுவரைத் துளைத்தேன்.

முதலில் ஊதாத் தூள்:
மகள் சடங்குக்கு அடித்த பெயிண்ட்.
பிறகு சிமெண்ட். அதற்குள் சுண்ணாம்பு,
கடுக்காய்ச் சாறு குடித்து இறுகியது;
டிரில் பிட் சிவந்துவிட்டது.

இன்னும் உள்ளே செம்மண், மிதித்த வரகுத்தாள்.
ஒரு மணி உமியோடு விழ
நகத்தால் உரித்துப் பார்த்தார்.
"கால்வாய்த் தண்ணி வர்றதுக்கு முந்தின சுவரு."

ஒன்றரை அடி போனதும்
டிரில் வழுக்கி ஓடியது.
விரலகல இருட்டு.
அப்பால் இன்னொரு சுவர்:
அண்ணனோடு பேச்சற்ற வருசத்தில்
தம்பி ஒட்டாமல் எழுப்பியதாம்.

துளையில் கை வைத்தேன்.
குளிர்ந்த காற்று.

பெரியபுள்ளானும் வைத்துப் பார்த்தார்,
வெகுநேரம்.

"ம்" என்றார்.
"ஏசிய மாட்டுங்க."