இரைச்சல்

துணுக்காயிலிருந்து உள்ளே ஒன்பது கட்டை.
குளக்கட்டின் மருத மரங்களில்
நான்கு ஒலிப்பதிவுப் பெட்டிகள் கட்டியிருந்தேன்,
மூன்று மாரி,
தவளைகளை மட்டும் கேட்கவென்று.

மற்றதெல்லாம் வெட்டினேன்.
தண்ணிப் பம்பு, லாண்ட்மாஸ்ரர்,
கோயில் ஸ்பீக்கர்,
எல்லாவற்றுக்கும் மேலாக ஆனைவெடி.
வெட்டியதை எறிய மனமில்லாமல்
'இரைச்சல்' என்று பெயரிட்டு
கணினியின் ஒரு மூலையில் போட்டேன்.

நாலாம் வருடம் குளத்தைத் திருத்த வந்தார்கள்.
பெக்கோ இரண்டே நாளில்
என் அல்லிக்கரையை அள்ளி
டிப்பரில் ஏற்றிவிட்டது.
நல்ல வேலை. ஊர் கேட்டு வாங்கிய வேலை.
நானும் கட்டில் நின்று கைதட்டினேன்,
தவளை இல்லாத ஆய்வை
இனி எந்தப் பெயரில் கட்டுவதென்று யோசித்தபடி.

பேராசிரியர் தொலைபேசியில் இருமிவிட்டுச் சொன்னார்:
"திசையை மாத்துவம் பிள்ளை. ஆனைவெடியைப் பாரும்."
சொல்ல ஒரு நிமிடம்.
எனக்குப் பத்தொன்பது நாள்
மடிக்கணினியைத் திறக்கப் பிடிக்கவில்லை.
படுத்திருந்து
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.
அந்த மாதத்தின் தரவு அதுதான்.

இருபதாம் நாள்
போனுக்குச் சார்ஜ் போட வந்தாள் கமலாசினி.
"உதுக்குள்ள என்ன வச்சிருக்கிறியள்?"
"குப்பை" என்றேன்.
"போடுங்கோ, பாப்பம்."

மாசி பதினாலு, இரவு இரண்டு பத்து.
தலையைச் சரித்துக் கேட்டாள்.
"இது வெடியில்லை, பரல். நான்தான் அடிச்சது.
அண்டைக்குத்தான் சோளன் முழுக்கப் போனது."
அடுத்தது.
"இது அருள்நேசன்ர வெடி.
ஆனை திண்டு முடியத்தான் அவன் போடுவான்."
அடுத்தது, அதற்கடுத்தது.
பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.
"ஏன் எல்லாம் டக்கெண்டு நிக்குது?
அதுக்குப் பிறகுதானே பயம்.
போயிட்டுதோ, பத்தைக்குள்ள நிக்குதோ எண்டு
தவளை கத்துமட்டும் பாத்துக்கொண்டிருப்பம்."

தவளை கத்துமட்டும்.

எனக்குள் விளக்கெரிந்தது என்றெல்லாம் எழுதமாட்டேன்.
சார்ஜர் சூடேறியிருந்தது.
அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.
நான் மூலப் பதிவைத் தேடி எடுத்து
வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டினேன்.

பரல்.
பிறகு ஒன்றுமில்லை.
நான்கு நிமிடம் ஒன்றுமில்லை,
ஆறு நிமிடம்.
ஏழாவதில்
ஒரு தவளை, சந்தேகத்தோடு.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.

உதவிப்பணம் இன்னும் பதினொரு மாதம்தான்.
குழு என்ன சொல்லுமோ தெரியாது.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வெட்டு,
ஒவ்வொன்றாய்த் திரும்ப ஒட்டவேண்டும்.
இன்று முப்பத்தொன்று.
காது நோகிறது.

கோப்புறையின் பெயரையும் மாற்றப் போனேன்.
வேறு சொல் வரவில்லை.
அப்படியே விட்டு
முப்பத்திரண்டாவதைத் திறந்தேன்.