வலமாக, வாயு மூலையிலிருந்து

மழை விட்டு ஒன்பதாம் நாள்.
திருத்துறைப்பூண்டி, செல்போன் கடைக்கு மேல்மாடி.
அசாருதீன் ட்ரோனில் அள்ளிவந்த வயல்கள்
ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
ஒன்றுகூடச் சதுரமில்லை.

முள்ளியாறு எங்கே முழங்கையை மடக்கியதோ
அங்கே வரப்பும் மடங்கியிருக்கிறது.
ஒரு வயல் முறம்.
ஒரு வயல் பாதி கடித்துவைத்த அப்பளம்.
இன்னொன்று, அண்ணனும் தம்பியும்
பேச்சை நிறுத்திய நாளின் வடிவம்.

மாடலுக்கு இதெல்லாம் ஆகாது.
செவ்வகம் மட்டும்தான் தின்னும்:
அகலம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு, உயரம் அதில் பாதி.
ஈரப் புடவையை ஆளுக்கொரு முனை பிடித்து
உதறி விரிப்பதுபோல
வயலை நேராக்கிக் கொடுக்க வேண்டியது நான்.

முதல் நாள் மூலைகளின் வரிசை தப்பிவிட்டது.
அக்கினி மூலையும் கன்னி மூலையும் இடம் மாறிப்போக
நடுவில் முறுக்கிக்கொண்டு
பிழிந்த துண்டாய்த் திரையில் கிடந்தது ஓர் ஏக்கர் சம்பா.
“என்னடி, வயலுக்கு ரிப்பன் கட்டிவிட்டிருக்கே”
என்றாள் ஜெயசுதா.

எக்ஸையும் ஒய்யையும் கூட்டு.
குறைந்தது வாயு மூலை, மிகுந்தது அக்கினி மூலை.
பாதி வயல்களுக்குப் பலித்தது.
சாய்ந்து நிற்கும் வயலில்
இரண்டு மூலைக்கு ஒரே கூட்டுத்தொகை.
கடைசியில் நட்டநடுப் புள்ளியில் நின்று
கோணம் பார்த்து
வாயு மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றினேன்.
சரியாகிவிட்டது என்றுதான்
டீ குடிக்கப் போனேன்.

புல எண் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு மூன்று.
கோதையம்மாள், குத்தகை.
மேற்கே அகன்று
கிழக்கே ஒடுங்கி வாய்க்காலில் முட்டும் நிலம்.
வெள்ளம் நின்றது அந்த ஒடுக்கத்தில்தான்.
நான் அந்த முனையைப் பிடித்து
மேற்குப் பக்கத்து அகலத்துக்கு இழுத்திருந்தேன்.
அகலத்தில் மட்டுமா, நீளத்திலும்.
அங்கே ஒவ்வொரு தாளும் வாழைமட்டைப் பருமன்.
அதில் பாதி யாரும் நடாத நெல்:
இரண்டு பச்சைக்கு நடுவே
சராசரி பார்த்துக் கணினி நட்டது.
அழுகலும் அப்படியே பெருகி
நூற்றுக்கு முப்பத்தாறு என்றது மாடல்.

ஒவ்வொரு புள்ளிக்கும்
அதன் கீழே எவ்வளவு மண் என்று
எடை போட்டுத் திருத்தினேன். பதினோரு வரி.
முப்பத்தாறு முப்பத்தொன்றானது.

முப்பத்துமூன்றுக்குக் கீழே போனால் நிவாரணம் கிடையாது.

அதே பதினோரு வரியில்
நாற்பத்தேழு பேர் கோட்டுக்கு மேலே ஏறினார்கள்.
பத்தொன்பது பேர் இறங்கினார்கள்.
ஏறியவர்களின் பெயர்களை நான் படிக்கவில்லை.

“யாரு பார்க்கப்போறா?” என்றாள் ஜெயசுதா,
எந்தப் பக்கத்துக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.
திருத்தியதைச் சேமித்தேன்.
சேமித்துவிட்டு, செய்யக்கூடாத வேலையாக,
பட்டியலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
கத்தித்தான் கேட்டேன்:
உங்க வயலுக்கு நாலு மூலைதானே?

“நாலா?
மடை இருக்கிற முடக்கை எங்கே விட்டீங்க?
அஞ்சுல்ல.
அதுலதான் தண்ணி இன்னும் வடியலே.”

எல்லை ரொம்ப நெளிந்தால்
சின்ன வளைவைத் தள்ளிவிட்டு
நான்காகக் குறைக்கச் சொல்லியிருந்தேன், மூன்றாம் வரியில்.
எவ்வளவு சின்னது என்பதற்கு
ஓர் எண் கொடுத்திருந்தேன், கைக்கு வந்தது.

ஐந்தாவது மூலையைச் சேர்த்தால்
கணக்கு ஏறுமா என்று இந்த அறையில் இருந்து தெரியாது.
அந்த முடக்கின் மேல் ஒரு பூவரசு
படத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

அசாருதீன் பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறான்.
காலையில் ஏழு மணிக்குப் புறப்பாடு.
முழங்கால் செருப்புக்கு என்ன சைஸ் என்று கேட்கிறான்.