நாற்பத்தெட்டு மணி நேரம்

இந்த நாட்டில்
கஃபீல் கையெழுத்து இல்லாமல்
என் பெயரில் இருந்தது ஒரே ஒரு மனை:
ரியாக்ட்செவன்டேஸ் டாட் காம்.
ஏழே நாளில் ரியாக்ட் கற்றுத் தருவதாக
ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிப் போட்டது.
வருஷத்துக்கு மூன்று தினார்,
ஃபஹாஹீலில் ஓர் ஆள் இரண்டு வேளை சாப்பிடும் காசு.

முதல் நாள் பாடத்தையே நான் எழுதவில்லை.
திறந்தால் ஒற்றை வரி:
'கட்டுமானப் பணி நடைபெறுகிறது.'
பகலில் நான் டைம்கீப்பர்.
மினா அப்துல்லாவில்
நான் வருகை போட்ட ஆட்கள்
ஆறு எண்ணெய்த் தொட்டிகளை நிமிர்த்திவிட்டார்கள்.
என் மனையில் ஒரு செங்கல் ஏறவில்லை.

ஆனாலும் பெயர் சும்மா இருக்கவில்லை.
அதை நம்பி
யார் யாரோ மெயில் போட்டார்கள்.
"பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை ஓடுகிறது."
"பக்கம் வெள்ளையாக வருகிறது, நாளைக்கு இன்டர்வியூ."
நைரோபியிலிருந்து ஒரு பெண்,
லிமாவிலிருந்து ஒரு பையன்.
மேல் கட்டிலில்
போர்வைக்குள் வெளிச்சத்தை அமுக்கிக்கொண்டு
பதில் எழுதினேன்.
தெரியாததைத் தேடிப் படித்துவிட்டு
தெரிந்தவன் மாதிரி எழுதினேன்.
நைரோபிக்காரி ஒரு வாரம் கழித்து
'வேலை கிடைத்துவிட்டது சார்' என்றாள்.
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை
அந்த சார்.

வாங்க வந்தவள் நெர்மீன்,
ஹவல்லியில் பயிற்சி நிலையம் நடத்தும் எகிப்துக்காரி.
கார் கதவைப் பாதி திறந்து வைத்தே பேசினாள்,
ஏசி வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
ஆயிரம் என்றேன்.
வெறும் மனைதானே என்று சிரித்தாள்.
வில்லங்கம் பார்ப்பவள்போலப்
போனில் எதையோ துழாவினாள்.
நானூற்று இருபதுக்கு முடிந்தது.
மெயில் வருவதை நான் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏறியிருக்குமா
இறங்கியிருக்குமா,
இன்றுவரை கணக்குத் தெரியவில்லை.

பூட்டைத் திறந்து
பதினாறு எழுத்துச் சாவியை
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
பத்திரத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும்;
இதற்கு இருந்தது
பின்சீட்டில் வாய் திறந்து தூங்கிய
அவள் குழந்தை மட்டும்.

ஐந்தாம் நாள் ராத்திரி தட்டிப் பார்த்தேன்.
மஞ்சள் பட்டை, சலுகைக் கட்டணம்,
லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கும் நாலு பேர்.
எட்டு வாரப் படிப்பாம்.
ஏழு நாள் என்று நான் போட்ட பொய்யை
அவளாவது திருத்தினாள்.

கீழ்க் கட்டில் அருள்சீலன்
போனை மேலே நீட்டினான்.
"எனக்கு இன்னும் உங்க வரிதாண்ணே காட்டுது."

கைமாறிய சேதி உலகமெல்லாம் போய்ச் சேர
நாற்பத்தெட்டு மணி நேரம் வரை ஆகும்.
அதுவரை சில ஊர்களில்,
இந்த அறையில் கீழ்க் கட்டிலில்,
சொந்தக்காரன் நான்தான்.
லிமாவில் இப்போது மத்தியானம் மூன்று மணி.
அந்தப் பையன் மறுபடி மாட்டிக்கொண்டு எழுதினால்
எந்த வாசலில் விழும் என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினோம்.
பிறகு அவன்
பக்கத்தை மூடாமல்
ரிஃப்ரெஷ் செய்யாமல்
போனைச் சார்ஜில் போட்டுவிட்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.