சிவப்புத் தொப்பிக்காரி

மூன்றாம் பக்கத்தில் இருந்தோம்.
ரீகாவில் யார் வீட்டில் கழிவுக்குழாய் அடைத்தாலும்
தேடினால் முதல் பக்கத்தில் பதினோரு கம்பெனிகள்,
இரண்டாவதில் பத்து,
அதற்கும் அப்புறம்
ஒரு குதிரை லாயத்துக்கும்
மூடிப்போன பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
நாங்கள்.
அவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வர
பொங்கி நிற்கும் எந்தத் தண்ணீருக்கும் பொறுமையில்லை.

நான் குந்தார்ஸ். வேன் ஓட்டுவேன், பில் போடுவேன்.
குழாய்க்குள் கை விடுவது ஸ்கைத்ரீதே.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குத் தெளிந்தவள் என்று பொருள்.
கலங்கல் தண்ணீரில் நின்றுகொண்டு
அதைச் சொல்லிச் சிரிக்காத வாடிக்கையாளர் குறைவு.

ஜனவரி. மைனஸ் பத்தொன்பது.
ஒரு சலூனின் தரைக்குழியிலிருந்து
பதினாலு வருஷத்து முடியை
ஒரே இழுப்பில் வெளியே எடுத்தாள்.
நனைந்த ஓநாய்க்குட்டி மாதிரி வந்து விழுந்தது.
பின்னாலேயே சுழித்து இறங்கியது தண்ணீர்.
நான் கைப்பேசியில் பிடித்தேன்.

மூன்றே நாளில் முப்பத்தோரு லட்சம் பார்வைகள்.
மனாவுஸிலிருந்து இதயங்கள்.
ஜகார்த்தாவிலிருந்து,
'இன்னொன்று போடுங்கள், பார்த்தால் தூக்கம் வருகிறது.'
லாகோஸில் ஒருவர் அவளைப் பெண் கேட்டார்.
ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை:
அந்த வாரம் அடித்த ஒரே போன்
வேன் தவணை பாக்கிக்காக.
தேடிப் பார்த்தேன். அதே மூன்றாம் பக்கம்.
குதிரைகள் மட்டும் ஓர் இடம் முன்னேறியிருந்தன.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
எனக்குக் காய்ச்சல். அவளே கைப்பேசியை
ஒரு பெயின்ட் டப்பாமேல் சாய்த்து வைத்துப் பேசியிருக்கிறாள்.
வெட்டு இல்லை, இசை இல்லை.
'இது ஆல்க்ஸ்னு தெரு, நாற்பத்தாறாம் எண், நிலவறை.
இந்த வரிசை வீடுகளில் குழாய் வடக்குச் சுவரோரம் ஓடுகிறது.
உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.
முதலில் இந்த வால்வைத் திருகுங்கள்.
அப்படியும் ஆகவில்லை என்றால் கூப்பிடுங்கள்.'
நாலு நிமிஷம். பாதி நேரம் முதுகுதான் தெரிந்தது.
முதுகும், அந்தக் கம்பளித் தொப்பியும்.

பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தனை பேரும்
நாலு தெருவுக்குள் குடியிருப்பவர்கள் என்பது
எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.
நாற்பத்தாறின் செயலாளர் குடியிருப்போர் குழுவில் பகிர்ந்தார்.
யாரோ தன் வீட்டு வால்வைப் படமெடுத்து
இதுவா, அதுவா என்று கேட்டார்.
அவள் இரவு பதினொன்றரைக்குப் பதில் எழுதினாள்.
தெருத்தெருவாகப் பெயர் சொல்லி இன்னும் ஒன்பது பேசினாள்.
ஒரு பள்ளிக்கூடம், கேட்காமலே,
தன் பக்கத்தில் எங்கள் முகவரியைச் சேர்த்தது.

மார்ச்சில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.
எங்களைக் கண்டடைந்தவர்கள்
தேடும் பெட்டியில் என்ன தட்டினார்கள்?
கம்பெனிப் பெயரை ஒருவர்கூட இல்லை.
நான் அரை வருஷம் யோசித்து வைத்த பெயர்.
'சிவப்புத் தொப்பி குழாய்க்காரி.'
'சிகப்பு தோப்பி கொழாய் பொம்பளை.'
'ஆல்க்ஸ்னு தெரு வால்வு சொன்னவங்க.'
எந்திரம் எழுத்துப் பிழைக்கு முகம் சுளிக்கவில்லை.
நூறு பேர் தப்புத் தப்பாக விசாரித்ததைக்
கூட்டிக் கழித்து
எங்கள் வாசலைக் காட்டியிருந்தது.
முதல் பக்கம். நாலாவது இடம்.

குதிரைகளுக்குக் கையசைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் தொப்பி ஆள்குழிக்குள் விழுந்தது.
அவள் மதியமே போய் நீலத்தில் ஒன்று வாங்கினாள்.
'ஐயோ, போட்டுவிடாதே' என்று கத்தினேன்.
தெருவே திரும்பிப் பார்த்தது.
வாளி, கொக்கி, டார்ச் சகிதம்
பன்னிரண்டு வருஷத் தொழிலில் முதல் தடவையாக
நான் சாக்கடைக்குள் தோள்வரை கையை விட்டேன்.
மூன்று முறை சோடாவில் அலசினோம்.
நிறம் போகவில்லை. நாற்றம் கொஞ்சம் இருக்கிறது.

நான் குனிந்திருந்ததை அவள் படமெடுத்திருக்கிறாள்.
இன்னும் எங்கும் போடவில்லை.
லாபம் பிரிக்கிற நாளில் தேவைப்படும் என்கிறாள்.